மாமரக் கொப்பில் இஞ்சினைத் தொங்கவிடலாமா?

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"ஐயா, அப்பாவின் மொரிஸ் மைனர் 1000 கார். 2009 தை மாதம் நாங்கள் வெளிக்கிட்ட நேரம் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் போனோம். மீளக்குடியேறி வந்து பார்க்க, கொட்டில் சரிந்து கிடந்தது. பொனற், காபரேட்டர், டைனமோ, பற்றரி, ரயர் நாலும் இல்லை. அப்பா இருக்கும்வரை 'செய்வம், செய்வம்' என்றே காலம் போய்விட்டது. அவர் போய் இரண்டு வருஷம். இப்போது நான் கொட்டிலைப் புதிதாக அடித்து, ரயரும் போட்டு, வேலையைத் தொடங்கியிருக்கிறேன். இஞ்சின் இறுகிப் போயிருக்கிறது. ஹான்டில் போட்டு இரண்டு பேர் தொங்கியும் இம்மியும் அசையவில்லை. லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் கட்டி இழுத்து மூன்றாம் கியரில் கிளச்சை விட்டால் விடுபடும் என்கிறான் கூட்டாளி ஒருவன். மாமா இரும்புக்காரனுக்குக் கொடு என்கிறார். நான் இஞ்சினைக் கழற்றித் தூக்க நினைக்கிறேன். கொட்டிலுக்கு முன்னால் நல்ல மாமரம் நிற்கிறது, பாரம் தூக்குகிற செயின் புளொக் வாடகைக்கு எடுக்கலாம். கியர்பொக்ஸோடு தூக்குவதா, தனியாகவா? கொப்பு தாங்குமா? அம்மா பயப்படுகிறா."

தம்பி, முதலில் அந்த லான்ட்மாஸ்டரைத் திருப்பி அனுப்பிவிடும். கூட்டாளி சொல்கிற வித்தை பற்றரி செத்த காருக்கானது. இறுகின இஞ்சினை வீல் வழியாகச் சுழற்றப் போனால், பிஸ்ரன் விடாது, அதைப் பிடித்திருக்கிற தடி வளையும். இல்லாவிட்டால் பிஸ்ரனைச் சுற்றியிருக்கிற றிங் உடைந்து சிலிண்டரைக் கீறும். பிறகு விடுபட்டாலும் என்ன பயன்?

நீர் மரத்தைப் பற்றியும் கியர்பொக்ஸைப் பற்றியும் கேட்டிருக்கிறீர். எனக்கு வேண்டியிருந்த தகவலைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்: பொனற் இல்லை, காபரேட்டர் இல்லை. நாலு சிலிண்டர் இஞ்சின் எந்த நிலையில் நின்றாலும், ஏதோ ஒரு சிலிண்டரின் உள்வால்வு அனேகமாகத் திறந்துதான் இருக்கும். காபரேட்டரைக் கழற்றினவன் மனிபோல்டின் (காற்று உள்ளே போகிற குழாயின்) வாயைத் திறந்தபடி விட்டுப் போயிருக்கிறான். உங்கள் பக்கத்து மழை தெரியும்தானே, ஐப்பசியில் பிடித்தால் மார்கழி வரை ஓயாது. தண்ணீர் நேரே இறங்காவிட்டாலும் அந்த ஈரக்காற்றே போதும். மைனரின் இஞ்சினில் முதலாம் இரண்டாம் சிலிண்டருக்கு ஒரு உள்வழி, மூன்றாம் நாலாம் சிலிண்டருக்கு ஒரு உள்வழி. இரண்டிரண்டாகப் பங்கு. அந்த நாலில் வால்வு திறந்து நின்ற ஒன்றோ இரண்டோதான் கறள் பிடித்திருக்கும். மற்றவை நல்லாயிருக்க இடமுண்டு.

ஆகவே உம்முடைய இஞ்சின் எண்ணெய் இல்லாமல் ஓடி உருகி இறுகினதல்ல, நின்ற இடத்தில் கறள் பிடித்து இறுகினது. ஓடி இறுகினது என்றால் பெயரிங் போயிருக்கும், தூக்கத்தான் வேண்டும். நின்று இறுகினது பல நேரம் காருக்குள் இருந்தபடியே விடும். தூக்குகிற வேலையைக் கடைசிக்கு வையும்.

அதற்கும் முதல், இறுகினது இஞ்சின்தானா என்று பாரும். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பான் பெல்ற்றைக் கழற்றும், தண்ணீர்ப் பம்பு இறுகியிருந்தாலும் பெல்ற் இஞ்சினைப் பிடிக்கும். அடுத்தது ஸ்டாட்டர். பழைய லூக்காஸ் ஸ்டாட்டரின் பல்லுச்சில்லு பிளைவீலின் பல்லுக்குள் போய்ச் சிக்கினால், இஞ்சின் செத்ததுபோலத்தான் நிற்கும். ஸ்டாட்டரின் பின்நுனியில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கழற்றினால் சதுரமான தண்டு தெரியும். சாவி போட்டு அந்தத் தண்டைத் திருகினால் பல் விடுபடும். ஒரு முறை ஒருவரின் காரில் சிலிண்டர் தலைவரை கழற்றி வைத்துவிட்டு, கடைசியில் ஸ்டாட்டரை எடுக்க இஞ்சின் பூப்போல சுற்றினது. அன்றைக்கு அவரிடம் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதுவும் இல்லையென்றால் பிளக் நாலையும் கழற்றும். கழற்றின வரிசைப்படி வைத்துப் பாரும். எந்தப் பிளக்கின் நுனி சிவந்திருக்கிறதோ அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி. டீசலும், ஒட்டோ கியருக்கு விடுகிற சிவப்பு எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு பிளக் ஓட்டை வழியாகவும் அரைக் கோப்பை விடும். அடுத்த நாள் ஒரு குச்சியை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பாரும். வடிந்துபோன சிலிண்டரில் எண்ணெய்க்கு வழி இருக்கிறது. விட்டது விட்டபடி நிற்கிற சிலிண்டரில்தான் கறள் அடைத்திருக்கிறது, அதற்குத் திரும்பத் திரும்ப விடும். கலவை வால்வு வழியாகவும் வெளியே வரும், அதனால் கொட்டிலுக்குள் சுருட்டு, பீடி ஒன்றும் வேண்டாம்.

காலையும் மாலையும், முன்புறத்துப் புல்லி நட்டில் நீளமான தடி போட்டு மெதுவாக அழுத்தும். முன்னுக்கு மட்டுமல்ல, பின்னுக்கும். பின்னுக்கு நட்டில் அழுத்தினால் நட்டே கழன்று வரக்கூடும், அதற்கு ஸ்டாட்டரைக் கழற்றி அந்த ஓட்டையால் பிளைவீலின் பல்லில் தடி போடும். ஹான்டில் முன்னுக்கு மட்டும்தான் சுற்றும், அதனால்தான் உங்கள் இரண்டு பேரின் பாரமும் வீணானது. புல்லியில் சோக்கால் ஒரு கோடு போட்டுவிடும். கோடு நெல்மணி அளவு நகர்ந்தால் அன்றைக்கு அது போதும். நகர்ந்த பக்கமே தொடர்ந்து தள்ளாமல், திருப்பிக் கொண்டுவந்து மறுபடி தள்ளும். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மைனர் என்னிடம் வந்தது. பதினொரு நாள் இப்படி ஊறப்போட்டு, பன்னிரண்டாம் நாள் காலை பிளேன்ரீ குடித்துக்கொண்டு ஒரு கையால் தடியை அழுத்த, 'டக்' என்று விட்டது. கோப்பை கைதவறி விழுந்தது.

இரண்டு கிழமையில் அசையாவிட்டால் தலையைக் கழற்றும். உள்ளே பார்க்கும்போது ஒன்றை மனதில் வையும். முதலாவதும் நாலாவதும் பிஸ்ரன் ஒன்றாக ஏறி இறங்கும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக. இறுகின பிஸ்ரன் உச்சியிலோ அடியிலோ நின்றால் அதன் தலையில் தட்டிப் பிரயோசனமில்லை, அடி முழுக்க நேரே பெயரிங்கில்தான் இறங்கும். நடுவில் நிற்கிற பிஸ்ரனைத் தட்டினால்தான் கிறாங்க் (பிஸ்ரன்கள் சுழற்றுகிற வளைதண்டு) சுழலும். தட்டுவதற்கு முதிரைக் கட்டை ஒன்றைச் சிலிண்டருக்குள் போகிற அளவுக்கு உருட்டிச் சீவி எடும், இரும்பு வேண்டாம். தட்டுவதற்கு முதல், பிஸ்ரனுக்கு மேலே சிலிண்டர்ச் சுவரில் படிந்திருக்கிற கறளை எமரித்தாளால் வழித்துத் துடைத்துவிடும். இல்லாவிட்டால் றிங் மேலே வரும்போது அந்தக் கறளில் ஏறித் திரும்பவும் இறுகும்.

அப்பாவின் காரென்றால் யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியிருக்கும். அப்போது எல்லாரும் அதுதானே செய்தோம், பெற்றோல் நாலு சொட்டு விட்டு இழுத்து, ஸ்டாட் ஆனதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடிப்பாத்திரமான சம்பில் கிடக்கிற எண்ணெயையும் நீர்க்கப் பண்ணும். றிங் எல்லாம் கரியில் ஒட்டிப் போயிருக்கும். ஆகவே இஞ்சின் விடுபட்டாலும் உடனே ஓடவேண்டாம். பழைய எண்ணெயை வடித்துப் பாரும். அதில் மண்ணெண்ணெய் மணத்தால், அல்லது விரலில் எடுத்துத் தேய்க்க மினுக்கம் தெரிந்தால், இஞ்சினைத் தூக்கிப் பிரிக்கத்தான் வேண்டும்.

அப்படித் தூக்க வேண்டி வந்தால் மாமரக் கொப்பு வேண்டவே வேண்டாம்.

1997இல் நான் மல்லாவியில் இருந்தேன். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து போய், ஒரு காணியில் கொட்டில் போட்டு வேலை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஒன்றின் இஞ்சினைத் தூக்க, கொட்டிலின் கூரையைத் தாங்குகிற தென்னங்குற்றி வளையில் செயின் புளொக்கைக் கொழுவினேன். வளை நல்ல மொத்தம். இஞ்சினும் ஆடாமல் மேலே வந்தது. கியர்பொக்ஸ் தண்டில் கொஞ்சம் சிக்கி நின்றது. நான் தடி போட்டு நெம்ப, சட்டென்று விடுபட்டு இஞ்சின் ஒரு பக்கம் ஊஞ்சல்போல வீசினது. அந்த ஒரு வீச்சில் வளை பிளந்தது. நான் சத்தத்தைக் கேட்டபோது இஞ்சின் நிலத்தில் கிடந்தது. இடது காலின் சின்னவிரல் இன்றைக்கும் மடங்காது. அந்த வளையில் அதற்கு முன் எத்தனையோ இஞ்சின் தூக்கியிருக்கிறேன், அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

மைனரின் இஞ்சின் அதைவிடச் சின்னது. ஆனாலும் ஏறத்தாழ இரண்டு நெல் மூட்டைப் பாரம் வரும். அசையாமல் தொங்கும்போது இருக்கிற பாரம் வேறு, திடீரென்று விடுபட்டு வீசும்போது இழுக்கிற இழுவை வேறு. பச்சை மாங்கொப்பு முறியும் முன் வளைந்து காட்டாது. புதிதாக அடித்த கொட்டிலின் கூரையும் தகரத்தைத் தாங்கத்தான் அடித்தது, அதிலும் கொழுவாதேயும்.

உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. குழாய்க்கிணற்று மோட்டார் இறக்கி ஏற்றுகிறவர்கள் முக்காலி வைத்திருப்பார்கள். இரண்டரை இஞ்சி ஜி.ஐ. குழாயில் 12 அடிக் கால் மூன்று, உச்சியில் ஒரு மொத்த போல்ட். அதை ஒரு நாளைக்குக் கேட்டு எடும். ஒரு தொன் செயின் புளொக் தாராளம். கால் மூன்றையும் அடியில் சங்கிலியால் சுற்றிக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பாரம் ஏற ஏறக் கால் வெளியே அகன்றுகொண்டு போகும். உங்கள் பக்கத்துச் செம்மண் மழை பெய்தால் களி. காலுக்கு அடியில் பலகை வையும். இரண்டு கால் காருக்கு இரண்டு பக்கமும், மூன்றாவது முன்னாலும் வரவேண்டும். மைனரின் அகலம் சுமார் 5 அடி, கால்களுக்கு இடையில் அதைவிடத் தாராளமாக இடம் விடும்.

ஏனென்றால் தூக்கின இஞ்சினை நீர் எங்கேயும் கொண்டுபோகப் போவதில்லை. இஞ்சின் தொங்குகிற இடத்திலேயே தொங்கும், காரைத்தான் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதனால் தூக்குகிற நாளுக்கு முதல் நாள் காரைத் தள்ளிப் பாரும். இத்தனை வருஷம் நின்ற காரில் பிரேக் சூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். புது ரயர் போட்டுவிட்டோம் என்று இருந்து, இஞ்சின் அந்தரத்தில் தொங்கும்போது கார் அசையாவிட்டால் என்ன செய்வீர்?

கியர்பொக்ஸைப் பற்றிக் கேட்டீர். இஞ்சினைத் தனியாகத் தூக்கும். மைனரில் கியர்பொக்ஸை எடுக்க உள்ளே தரையின் மூடித் தகட்டைக் கழற்றி, குறுக்கு இரும்பையும் பின்தண்டையும் கழற்ற வேண்டும், இரட்டிப்பு வேலை. கைக்கியர் கார் என்பதால் இஞ்சின் இறுகியிருந்தாலும் பிரிக்கத் தடையில்லை, கிளச்சை மூடியிருக்கிற பெல் கூட்டைச் சுற்றியுள்ள போல்ட்டைக் கழற்றினால் சரி. (இதை வாசிக்கிற வேறு யாரிடமாவது ஒட்டோ கியர்க் கார் இறுகி நின்றால், அதற்கு வேறு கணக்கு. கொன்வேட்டர் போல்ட்டை ஒவ்வொன்றாக எட்ட இஞ்சினைச் சுற்ற வேண்டும். சுற்றாத இஞ்சினில் அது முடியாது. இரண்டையும் ஒன்றாகத்தான் இறக்க வேண்டும்.)

பெல் கூட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜக் கொடுத்த பிறகு, இஞ்சினை நேரே முன்னுக்கு இழும். கியர்பொக்ஸிலிருந்து வருகிற தண்டு கிளச் தட்டுக்குள்ளால் போகிறது. அந்தத் தண்டில் இஞ்சினின் பாரம் ஒரு நிமிஷமும் தொங்கக் கூடாது, தொங்கினால் கிளச் தட்டு வளையும். ஒரு விரல்கடை பிரிந்து அதற்கு மேல் வராவிட்டால், தண்டின் பல்லில் கிளச் தட்டு கறள் பிடித்திருக்கிறது. அப்போது என்னைப்போல நெம்பாதேயும். திரும்பச் சேர்த்து, அந்த இடைவெளியால் கறள் எண்ணெய் அடித்து, அடுத்த நாள் பாரும். அதற்கும் வராவிட்டால் பேசாமல் கியர்பொக்ஸோடு தூக்கும். பிரிந்து வந்ததும், காரைத் தள்ளுவதற்கு முதல், பெல் கூட்டை ஒரு குறுக்குக் கட்டையில் கம்பியால் தூக்கிக் கட்டிவிடும். ஜக் காரோடு உருண்டு வராது.

தொங்குகிற இஞ்சினுக்குக் கீழ் கையோ காலோ போகக் கூடாது. விழுகிறதென்றால் விழட்டும், பிடிக்கப் போகாதேயும். காருக்கு அடியில் படுக்க வேண்டி வந்தால் சீமெந்துப் புளொக் கல்லில் காரை நிறுத்தாதேயும். அந்தக் கல் உள்ளே கோறை, சொல்லாமல் நொருங்கும். பாலைக் குற்றியோ, கழற்றின றிம்மோ வையும்.

மற்றக் கழற்றல் வேலை உமக்கே தெரியும். ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். மைனரின் நட்டு போல்ட் பெரும்பாலும் இஞ்சிக் கணக்கு, 7/16, அரை, 9/16. 13 மில்லிமீற்றர் சாவி அரை இஞ்சித் தலையில் போகும், போய் அதை உருட்டியும் விடும். இஞ்சிச் சாவி செற் ஒன்று இரவல் வாங்கும். கழற்றுகிற ஒவ்வொரு இடத்து நட்டையும் தனிச் சிரட்டையில் போட்டு, சோக்கால் எழுதி வையும். சிரட்டைக்கு மேல் எந்த டப்பாவும் எனக்குப் பிடிப்பதில்லை, கவிழ்ந்தாலும் உருண்டு தூரப் போகாது. பற்றரி புதிதாக வாங்கிப் பூட்டும்போது, மைனருக்குப் பொசிற்றிவ்தான் பொடிக்குப் போகும் என்பதை மறவாதேயும்.

சரிந்த கொட்டிலிலிருந்து எடுத்த கார் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சீற்றுக்கு அடியில், டிக்கிக்குள், கொட்டிலின் பழைய மண்ணுக்குள் தெரியாத இரும்பு ஏதும் கண்டால் தொடவும் வேண்டாம், தட்டியும் பார்க்க வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு விதானையாருக்கோ பொலிசுக்கோ சொல்லும்.

மாமா சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதேயும். இஞ்சினில் கை வைக்க முதல் ஒரு சுத்தியலும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியைப் பாரும். முன்னால் இஞ்சினைத் தாங்குகிற நீள இரும்பு இரண்டு, குறுக்கு இரும்பு, பின்னால் ஸ்பிறிங் பூட்டுகிற இடம். திருப்புளி குத்த உள்ளே போனால் அங்கே இரும்பு இல்லை, கறள்தான் இருக்கிறது. ஓரிரு இடமென்றால் வெட்டி ஒட்டலாம். நாலு மூலையும் போயிருந்தால் இஞ்சினைச் செய்து எதில் பூட்டப் போகிறீர்? அப்படியென்றால் மாமாவின் பேச்சு சரி. ஆனால் முழுக்காரையும் நிறுவைக்குக் கொடுக்காமல், கண்ணாடி, டோர், பின்அச்சின் டிப்பெல்லாம் கழற்றி வையும். மைனர் வைத்திருக்கிறவர்கள் அவற்றை வாங்குவார்கள்.

இரும்பு நல்லாயிருந்து, இஞ்சின் மட்டும் உதவாதென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய வாகனப் பாகக் கடைகளில் விசாரிக்கலாம். முதலில் உம்முடையது எதுவென்று பாரும். டைனமோ இருந்த இடத்துக்கு மேலே, இஞ்சின் உடம்பில் ஆணி அடித்த சின்னத் தகடு இருக்கும். 9எம் என்று தொடங்கினால் 948 சீ.சீ., 10எம் என்றால் 1098. இரண்டுக்கும் பிஸ்ரன் வேறு. இஞ்சினை மாற்றினால் அந்தப் புது நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து கார்ப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். புத்தகம் இடப்பெயர்வில் போயிருந்தால் முதலில் அந்த வேலையைப் பாரும், அது இறுகின இஞ்சினைவிட மெதுவாக அசையும். பழைய இஞ்சினையே லேத்தில் குடைந்தெடுப்பதென்றால் பத்து, இருபது, முப்பது, நாற்பது தௌ (இஞ்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடின பிஸ்ரன் இருக்கிறது. பிஸ்ரன் கைக்கு வந்த பிறகு குடையக் கொடும், குடைந்துவிட்டுப் பிஸ்ரன் தேடாதேயும்.

அடி இரும்பு நல்லதென்றால், இப்போதைக்கு உமக்கு வேலை பெல்ற், ஸ்டாட்டர், பிளக் மட்டும்தான். பிளக் நாலையும் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாகப் பேப்பரில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பும். அம்மாவிடம், இந்த மாதம் ஒன்றும் தூக்கப் போவதில்லை என்று சொல்லிவிடும்.